கூப்பிட வேண்டியவர்

எங்கள் ஆலையில் நானூற்றுப் பதினெட்டுப் பேரில் ஒரே ஒருத்தியின் வருகை அட்டைதான் தேறவில்லை. அது என்னுடையது. விதியை எழுதியவளும் நானேதான். திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து, அட்டை தேறாதவர்கள் யாராக இருந்தாலும் கேட் திறக்காது என்று மேனேஜர் வீரராகவனிடம் கையெழுத்து வாங்கி, அந்த நோட்டீஸை என் கையாலேயே பசை தடவி ஒட்டியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கிற ஒரு ஆலையில் எனக்கு வேலை. உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர் எல்லாம் நான் எழுதியது. நாலு பேர் பார்க்க வேண்டியதை ஒருத்தி பார்க்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்வேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். பெயர் இளமதி, வயது முப்பத்தாறு. பொன்னேரியில் தனியாக ஒரு வாடகை வீடு. காலை ரயிலில் வருவேன், மாலை ரயிலில் போவேன். எலி வளையானாலும் தனி வளை.

அந்த விதி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை ஒன்பது மணிக்கு, உலைப் பக்கம் இரும்புக் குழம்பு தெறித்து அன்புசெல்வன் என்கிற தொழிலாளியின் வலது கை வெந்துபோனது. கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம் ஆனவன் என்பதால் அவன் வீட்டு நம்பர் உடன் வேலை செய்கிற ஒருவருக்கும் தெரியவில்லை. டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்க்கிற சடையப்பன் அண்ணன், அவனுடைய அட்டையைக் கம்ப்யூட்டரில் திறந்து, 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்' என்ற இடத்தில் இருந்த எண்ணுக்கு போன் போட்டார். பத்தடி தள்ளி, ஒரு லாக்கருக்குள் போன் அடித்தது.

எங்கள் ஆலையில் உலைப் பக்கம் போகிறவர்கள் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அடித்தது அன்புசெல்வனின் சொந்த போன். சடையப்பன் அண்ணன் நம்பாமல் மூன்று தடவை அடித்துப் பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் அதே லாக்கர்தான்.

எளாவூரில் இருந்த அவன் மனைவி நர்மதாவுக்கு சாயங்காலம்தான் தெரிந்தது. ஷிப்ட் பஸ் செக்போஸ்ட் பக்கம் வந்து நின்று, எல்லோரும் இறங்கி, அவன் மட்டும் இறங்காதபோது தெரிந்தது. மறுநாள் அவள் டைம் ஆபீஸுக்கு வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து நானும் தயாராகத்தான் நின்றேன். சண்டைக்கு நான் எப்போதும் தயார். அவள் கத்தவே இல்லை.

"காலைல ஒம்போது மணிக்கு நான் ஊட்லதான்க்கா இருந்தேன்," என்றாள். "போனு கைலதான் இருந்துச்சி."

அவ்வளவுதான் சொன்னாள். அன்புசெல்வனுக்குக் கை ஆறி, இரண்டு மாதத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டான். எனக்குத்தான் அவள் சொன்னது ஆறவில்லை. ஏனென்றால் அந்த போன் லாக்கருக்குள் அடித்ததற்கு யார் காரணம் என்று ஆலையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் நிரலில் 'தொழிலாளி' என்று ஒரு வகுப்பு, அதாவது வார்ப்பு அச்சு மாதிரி ஒன்று, இருக்கிறது. புதிதாக ஒரு ஆள் சேர்ந்தால், அந்த வகுப்பிலிருந்து அவருக்கென்று ஒரு பதிவு பிறக்கும். பிறக்கிற அந்த நேரத்தில் வேலை செய்கிற பகுதிக்குப் பெயர் கன்ஸ்ட்ரக்டர். பெயர், பிரிவு, ரத்த வகை, சொந்த போன், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று ஐந்து ஆர்க்யுமென்ட்டை, அதாவது ஐந்து விவரத்தை, அது கேட்கும். ஐந்தும் கையில் கொண்டுவந்தால் உள்ளே வா, இல்லையென்றால் பிறக்கவே வேண்டாம் என்று சொல்வதுதான் ஒழுங்கான கன்ஸ்ட்ரக்டர். நான் எழுதியது ஒழுங்கானதல்ல. ஐந்தாவதைக் கொடுக்காமல் விட்டால் அது ஒன்றும் சொல்லாது. நான்காவதில் இருக்கிற சொந்த போன் நம்பரையே எடுத்து ஐந்தாவதிலும் போட்டுக்கொள்ளும். அடிபட்டவனுக்கு உதவிக்கு அடிபட்டவனையே கூப்பிடுகிற நிரல். எந்தப் புத்திசாலி இப்படி எழுதுவாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதை எழுதி முடித்தபோது, சோதித்துப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. முதல் ஆளாக என்னையே போட்டேன். வரிசை எண் ஒன்று, இளமதி. பெயர் கொடுத்தேன், பிரிவு கொடுத்தேன், ரத்த வகை, போன் எல்லாம் கொடுத்தேன். ஐந்தாவதில் கை நின்றுவிட்டது. யாரைப் போடுவது?

எனக்கு இருப்பது ஒரு அக்கா, ஜோதிலட்சுமி. சோழவரத்தில் இருக்கிறாள். என்னைவிட பதினொரு வயது பெரியவள். அம்மாவும் அப்பாவும் ஒன்றரை வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, ஃபீஸ் கட்டி, கம்ப்யூட்டர் படிக்க வைத்து, மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தவள் அவள்தான். அந்தக் கல்யாணத்தை ஆறே மாதத்தில் நான் உதறிவிட்டு வந்தேன். வந்த அன்றைக்கு அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆடின ஆட்டம் இருக்கிறதே, தெருவே வெளியே வந்து நின்றது. கடைசியாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது சொன்னேன்.

"இனிமே எனக்கு இன்னா ஆனாலும் உனக்கு சேதி வராது, போ."

அவள் ஒரு வருடம் விடாமல் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனால் முந்திக்கொண்டு பேசுகிற பழக்கம் என் ஜாதகத்திலேயே கிடையாது.

நிரலை எழுதியது அந்தச் சண்டை நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். ஆக, ஐந்தாவதைக் காலியாக விட்டேன். நிரல் எரர் காட்டியது. எனக்கு வந்ததே கோபம். உனக்கு யாராவது வேண்டும், அவ்வளவுதானே, இந்தா என்று, ஐந்தாவது வராவிட்டால் சொந்த நம்பரையே எடுத்துக்கொள் என்று ஒரு டீஃபால்ட் எழுதினேன். அரை வரி. எரர் போய்விட்டது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்த அரை வரி ஓட்டை வழியாக எட்டு வருடத்தில் அறுபத்துமூன்று பேர் உள்ளே வந்திருந்தார்கள். சேர்கிற நாளில் அவசர அவசரமாக ஃபாரம் நிரப்பி, கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டவர்கள். என்னோடு சேர்த்து அறுபத்துநான்கு.

அன்புசெல்வன் விஷயத்துக்குப் பிறகு அந்த டீஃபால்ட்டைக் கிள்ளி எறிந்தேன். அதோடு விடவில்லை. வெறும் பத்து இலக்கத்தைக் கொண்டுவந்தால் ஏற்காதபடி, 'கூப்பிட வேண்டியவர்' என்றே தனியாக ஒரு வகுப்பு எழுதினேன். அவருடைய பெயர், அவருடைய எண், என்னைக் கூப்பிடலாம் என்று அவரே வாயால் சம்மதம் சொன்ன தேதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது பிறக்கும். அது பிறந்தால்தான் தொழிலாளி பிறப்பார். சொந்த நம்பரைக் கொடுத்தால் எரர், காலியாக விட்டால் எரர். சமாதானமே கிடையாது.

கடைசிக் கட்டத்தை நிரப்பியிருந்தவர்களின் வீடுகளில் அந்தந்தப் பிரிவு சூப்பர்வைசர்களே சம்மதம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்; இந்த அறுபத்துமூன்று பேருக்குச் சம்மதம் வாங்குகிற வேலை சடையப்பன் அண்ணனுக்கு வந்தது. ஐம்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசாதவர். ஆலையில் என்னைத் திட்டாமல் என்னோடு வேலை செய்கிற ஒரே மனிதர். முதல் நாள் முதல் போனிலேயே பொன்னேரிப் பக்கம் வயலில் இருந்த ஒரு அம்மா, கம்பெனியிலிருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓவென்று அழுதுவிட்டார். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த மற்ற பெண்களும் சேர்ந்து அழுதது எங்களுக்குக் கேட்டது. பெரிய பேஜாராகிவிட்டது. அதற்குப் பிறகு, ஆள் நல்லா இருக்காரு என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று எழுதி அவர் மேஜையில் ஒட்டினேன்.

அந்த வாரம் முழுக்க நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற பதிலை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரே கேள்விதான்: இவருக்கு ஒன்று என்றால் உங்களைக் கூப்பிடலாமா? ஆளுக்கு ஒரு மாதிரி பதில் வந்தது. ஒரு மாமனார், கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று சண்டைக்கே வந்தார். ஒரு பெண், அவர் என் பேரையா கொடுத்தார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சிரித்தாள். என்ன கதையோ.

பெயிண்ட் பிரிவில் இருக்கிற தணிகாசலம் மட்டும் இரண்டு நாள் இழுத்தடித்தார். எனக்கு யாரும் இல்லை என்றார். அதெப்படி ஒரு மனுஷனுக்கு ஒருத்தருமே இல்லாமல் போவார்கள், நன்றாக யோசியுங்கள் என்று அவரை அத்தனை பேர் முன்னால் விரட்டினேன். என் வாய்க்கு வெட்கமே கிடையாது. மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி, கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற பக்கீர் முகம்மதுவின் பெயரைக் கொடுத்தார். பழவேற்காட்டிலிருந்து வந்து கடை போட்டிருக்கிறவர். சடையப்பன் அண்ணன் போன் செய்யாமல் நேரிலேயே போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"தணிகாசலத்துக்கு ஒண்ணுன்னா நான்தான் வருவேன். எழுதிக்கோங்க," என்றார் பக்கீர், டீயை ஆற்றிக்கொண்டே. மறுநாள் காலை நான் கேட்டைத் தாண்டும்போது என்னை நிறுத்தி, கம்பெனியில் வழக்கமாக எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அறுபத்துமூன்றும் முடிந்தது. அறுபத்துநான்காவதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பட்டியலில் என் பெயர் வரும்போதெல்லாம் விரல் தானாகக் கீழே நகர்த்திவிடும். நான் ஆபீஸ் ஆள்தானே, பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, திங்கட்கிழமைக்கான ஒத்திகை. எல்லாப் பதிவுகளையும் புதிய கன்ஸ்ட்ரக்டர் வழியாக மறுபடியும் பிறக்க வைத்துப் பார்க்க வேண்டும். பட்டனை அழுத்தினேன். திரையில் எண்கள் ஓடின. நானூற்றுப் பதினேழு சரி, ஒன்று பிழை, வரிசை எண் ஒன்று என்று வந்து நின்றது.

யார் அந்த ஒன்றாம் நம்பர் என்று சடையப்பன் அண்ணன் கேட்டார். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து படித்தார். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மனிதர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு சமாளித்திருப்பேன்.

உங்கள் பெயரையே போட்டுவிடுகிறேன் அண்ணா, சம்மதம்தானே என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாம்மா, தாராளமா போட்டுக்கோ," என்றார். "ஆனா ஒண்ணு யோசி. உனக்கு ஒண்ணு ஆச்சின்னா இங்க குந்திக்கினு போன் பண்றவன் யாரு? நான்தான். என் போனுக்கு நானே அடிச்சிக்கினு இருக்கட்டா?"

எட்டு வருடத்துக்கு முன் எழுதிய அதே தப்பை மறுபடியும் வேறு நம்பரில் எழுதப் பார்த்திருக்கிறேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அவர் என்னை வற்புறுத்தவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் நிரலைத் திறந்தேன். ஒன்றாம் எண்ணுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம் என்று எழுத அரை வரி போதும். அவருக்கு நிரல் படிக்கத் தெரியாது. வீரராகவனுக்கும் தெரியாது. திங்கட்கிழமை கேட் திறக்கும், நான் பாட்டுக்கு உள்ளே போவேன், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. எழுதியும்விட்டேன்.

எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நர்மதா காலை ஒன்பது மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சேதி போகாமல் தடுத்தது இதே மாதிரி ஒரு அரை வரிதான். எனக்கு ஏதாவது ஆனால், சோழவரத்தில் ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். யாரோ நாலு நாள் கழித்துப் போகிற போக்கில் சொல்வார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை நினைத்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அந்த அரை வரியை அழித்தேன்.

பிறகு சடையப்பன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், சண்டை, படியில் நின்று சொன்னது, எடுக்காத போன்கள், ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும், நம்பர் சொல்லும்மா என்றார். இருக்கிறதோ, மாற்றிவிட்டாளோ என்று இழுத்தேன். அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்றார். அந்த நம்பரை நான் எந்த போனிலும் சேமித்து வைக்கவில்லை. பார்க்காமலே பத்து இலக்கத்தையும் சொன்னேன்.

டைம் ஆபீஸ் போனில் அடித்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. நாலாவது மணிக்கு எடுத்தாள். எட்டு வருடத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அக்காதான்.

முதல் போனுக்குப் பிறகு அத்தனை பேரிடமும் தடங்கலில்லாமல் பேசியவர், இந்த ஒன்றில் தடுமாறிவிட்டார். ஆள் நல்லா இருக்காரு என்பதை முதலில் சொல்ல மறந்துவிட்டு, கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து பேசுகிறேன், இளமதி என்று ஒருத்தர் என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள் அக்கா. "எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க. நான் கெளம்பிட்டேன்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரையோ ஆட்டோ பிடிக்கச் சொன்னாள். செருப்பு எங்கே என்று கேட்டாள். சடையப்பன் அண்ணன் பதறிப்போய், ஒன்றும் இல்லையம்மா, ஆள் நன்றாக இருக்கிறாள், இதோ என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. அவள் எங்கேயோ உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

அவர் நிதானமாக விஷயத்தைச் சொன்னார். கம்பெனியில் புது விதி, அட்டையில் ஒரு பெயர் வேண்டும், உங்கள் பெயரைப் போட உங்கள் சம்மதம் வேண்டும். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். இளமதிக்கு ஒன்று என்றால் உங்களைக் கூப்பிடலாமா?

நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதற்கான வார்த்தைகளை எட்டு வருடத்துக்கு முன்னால் நானே அவளுக்கு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"போட்டுக்கோங்க," என்றாள். "பேரு ஜோதிலட்சுமி. அக்கான்னு எழுதுங்க. அவகிட்ட ஒண்ணு கேட்டு சொல்லுங்க. ஒண்ணு ஆனாதான் எனக்கு போன் வரணுமா? ஒண்ணும் ஆவலன்னா கூப்புடக் கூடாதா?"

சடையப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். அதற்கான பதிலை எழுத ஃபாரத்தில் இடம் இல்லை. அவர் ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரை நிறுத்தினார். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார்.

ரிசீவரைக் காதில் வைத்தேன். வாய் திறந்தால் அழுகைதான் வரும்போல இருந்தது. அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள், வைக்கவில்லை.

"அக்கா," என்றேன். "ஒண்ணும் ஆவலக்கா. சும்மாதான் கூப்ட்டேன்."